சான்றிதழ் இல்லாத மாடியறை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீடு கட்டுவதில் உள்ள தொல்லையைச் சொன்ன அவர்கள், பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதில் உள்ள தொல்லையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கட்டி, மற்றொருவர் இடித்து, மூன்றாமவர் மாற்றியமைத்த வீட்டை நான்காமவர் வாங்குகிறார். அவர் எதை வாங்குகிறார்? கண்ணுக்குத் தெரியும் சுவரையும் கதவையும் மட்டுமா? அல்லது பூச்சுக்கு உள்ளே மறைந்திருப்பதையும் சேர்த்தா? இக்கேள்வியை எனக்குக் கற்பித்தது இங்கிலாந்து நாட்டில் ஒரு வீடு.

தொலைதூர நாட்டின் சட்டம் நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். சட்டம் அவர்களுடையதுதான். ஆனால் பாரம் கீழ்நோக்கி அழுத்துவதும், நெருப்பு மேல்நோக்கி எழுவதும் எல்லா நாட்டுக்கும் பொது. ஆதலின் சற்றுச் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவளும் மாப்பிள்ளையும் பல ஆண்டுகள் வாடகை கொடுத்துச் சலித்துப்போய், சொந்தமாக ஒரு வீடு வாங்க முயன்றுகொண்டிருந்தனர். அவர்கள் விரும்பிய வீடு, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளுள் ஒன்று. வயது நூற்றாண்டுக்கு மேல். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. அதற்கும் மேலே ஓட்டுக் கூரையின் அடியில், முன்பு பரணாக இருந்த இடத்தை ஓர் அழகான படுக்கையறையாக மாற்றியிருந்தனர். கூரைச் சரிவில் பதித்த கண்ணாடிச் சன்னல் வழியே வானம் தெரிந்தது. ஒன்பது வயதுள்ள என் பேத்தி அதைக் கண்டதும், "தாத்தா, இது என் அறை!" என்று உரிமை கொண்டாடிவிட்டாள். இரண்டு படுக்கையறை வீட்டின் விலைக்கும் மூன்று படுக்கையறை வீட்டின் விலைக்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பரணுக்காகவே கேட்கப்பட்டது.

சில வாரங்களில் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மாடியறைக்குக் கட்டட விதிகளின்படி பெற்றிருக்க வேண்டிய பணி நிறைவுச் சான்றிதழ் இல்லை. வேலை 1994ஆம் ஆண்டு நடந்ததாக விற்பவர் கூறுகிறார். இதுவே கடிதத்தின் சாரம்.

கட்டட விதிகள் என்பவை யாவை? அவற்றின் வேர் ஒரு பெருந்தீயில் உள்ளது. 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், இலண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. மரச் சட்டங்களால் ஆன வீடுகள் நெருங்கி நின்றமையால் நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம், இனி எழும் வீடுகளின் புறச்சுவர் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைய வேண்டும் என்றது. சுவரின் கனம் எவ்வளவு, உத்திரத்தின் அளவு எவ்வளவு என்றும் வகுத்தது. அவற்றைப் பார்வையிட ஆய்வாளர்களையும் நியமிக்கச் செய்தது. பின்னர் ஊருக்கு ஊர் துணைவிதிகள் தோன்றின. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொதுவான முதல் கட்டட விதிகள் 1965ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன; எனினும் உள் இலண்டன் மேலும் இருபது ஆண்டுகள் தன் தனிச் சட்டங்களையே பின்பற்றிவந்தது. இன்று நடப்பில் இருப்பவை 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டமும், அதன்கீழ் அமைந்த 2010ஆம் ஆண்டு விதிகளும் ஆகும். 2017ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் இலண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 72 உயிர்கள் தீக்கு இரையான பின்னர், 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை மேலும் இறுக்கிற்று.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். அந்நாட்டில் திட்ட அனுமதி வேறு. கட்டட விதி ஒப்புதல் வேறு. திட்ட அனுமதி என்பது, இவ்விடத்தில் இவ்வளவு பெரிதாக, இத்தோற்றத்தில் கட்டலாமா என்று பார்ப்பது. அது தெருவுக்கும் ஊருக்கும் உரியது. கட்டட விதியோ, கட்டியது நிற்குமா, எரிந்தால் தப்ப முடியுமா, ஈரம் புகாதா, வெப்பம் வீணாகாதா என்று பார்ப்பது. அது உள்ளே வாழும் மனிதருக்கு உரியது. வரிசை வீட்டின் பரணில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 40 கன மீட்டர் வரை கூரையைப் பெருக்கிக்கொள்ளத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டவர் பலர், "அனுமதியே வேண்டியதில்லையாம்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். பரணை அறையாக்கினால் கட்டட விதி ஒப்புதல் கட்டாயம் வேண்டும். நம் விற்பனையாளரும் இக்குழப்பத்தில் விழுந்தவரே.

பரணை அறையாக்குவதில் அப்படி என்ன ஆபத்து? பழைய வீட்டில் பரணின் தரையாகக் காண்பது உண்மையில் தரையன்று. கீழறையின் உட்கூரையைத் தாங்கும் மெல்லிய மரச் சட்டங்களே. அவை காரைப்பூச்சையும் இரண்டொரு பழைய பெட்டிகளையும் தாங்கப் போதும். கட்டில், அலமாரி, நடமாடும் மனிதர் ஆகியோரைத் தாங்கப் போதா. ஆகவே, அவற்றின் பாரத்தைப் பெறாதபடி, சுவரிலிருந்து சுவருக்குத் தனியாகக் கனத்த உத்திரங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் புதிய தரை அமைக்க வேண்டும். கூரையின் உள்ளே குறுக்கே நின்ற தாங்குமரங்களை இடம் வேண்டி அகற்றினால், அவை சுமந்த பாரத்துக்கு வேறு வழி காட்ட வேண்டும்.

அடுத்தது நெருப்பு. இரண்டு நிலை வீட்டின் மேல்மாடியில் இருப்பவர், வேறு வழி இல்லையென்றால் சன்னல் வழியே இறங்கித் தப்பலாம். பரணோ தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு மேல் உள்ளது. அவ்வுயரத்திலிருந்து குதிப்பது தப்பும் வழியன்று. ஆகவே படிக்கட்டு ஒன்றே வழி. அப்படிக்கட்டைச் சூழ்ந்த சுவர்களும் தளங்களும் அரைமணி நேரம் தீயைத் தடுத்து நிற்க வேண்டும். அதை நோக்கித் திறக்கும் அறைகளின் கதவுகள் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கை மணி இருந்து, ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்க வேண்டும். இவையே இன்று அங்கே எதிர்பார்க்கப்படும் ஏற்பாடுகள்.

இவற்றுள் முக்கியமானவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதைக் கவனியுங்கள். உத்திரத்தின்மேல் பலகை அடித்து, அதன்மேல் கம்பளம் விரித்த பின்னர் அதன் அளவை யார் அறிவார்? ஆகவேதான் அந்நாட்டுக் கட்டட ஆய்வாளர் வேலை முடிந்த பின்பு மட்டும் வருவதில்லை. மூடுவதற்கு முன்பே வந்து பார்க்கிறார். பணி நிறைவுச் சான்றிதழ் என்பது, மறைவதற்கு முன்பு ஒருவர் பார்த்தார் என்பதற்குரிய சாட்சி.

நான் கணக்குப் பாடம் நடத்தியவன். செய்முறை காட்டாமல் விடையை மட்டும் எழுதித் தரும் மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. அவன் விடை தவறு என்பதன்று. சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவன் அதை எப்படி அடைந்தான் என்பதை நான் அறிய வழியில்லை. சான்றிதழ் இல்லாத அறையும் அத்தகையதே. அது கெட்டதென்று பொருளன்று. நல்லதென்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை என்றே பொருள்.

இத்தகைய குறை பரணில் மட்டும் நேர்வதன்று. இரண்டு அறைகளை ஒன்றாக்கப் பாரம் தாங்கும் சுவரை எடுத்திருப்பார்கள். கீழறையில் கணப்பு இருந்த செங்கல் மேட்டை இடம் போதவில்லை என்று அகற்றிவிட்டு, மேலே கூரைக்கு வெளியே நிற்கும் புகைபோக்கியை அப்படியே விட்டிருப்பார்கள். பல நூறு கிலோ செங்கல் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால் விடை இராது. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மாற்றிய சன்னல்களுக்கும், 2005ஆம் ஆண்டு சனவரி முதல் வீட்டில் செய்த முக்கியமான மின்வேலைகளுக்கும் சான்று வேண்டும். ஆகவே அந்நாட்டில் வீடு வாங்குவோரின் வழக்கறிஞர், உள்ளாட்சி மன்றப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கிறார். விற்பவர் நிரப்பும் வினாத்தாளில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்று கேட்கிறார். கண்ணால் கண்ட வீட்டையும் தாளில் உள்ள வீட்டையும் ஒப்பிடுகிறார். வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அங்கே பழைய நெறி.

இனி நடந்ததைக் கூறுகிறேன். விற்பவரின் தரப்பு, இதற்கு ஓர் எளிய வழி உண்டு என்றது. ஒரே முறை சிறு தொகை கட்டினால் இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பத்திரம் ஒன்று கிடைக்கும். சான்றிதழ் இல்லாத காரணத்தால் உள்ளாட்சி மன்றம் நடவடிக்கை எடுத்து இழப்பு நேர்ந்தால் அதை ஈடுசெய்யும். அத்தொகையையும் விற்பவரே கட்டுவார். பலர் இப்படித்தான் வாங்குகின்றனர்.

எனக்கு இது விளங்கவில்லை. "மாப்பிள்ளை, உள்ளாட்சி மன்றத்துக்கே ஒரு கடிதம் எழுதி, இவ்வறை பாதுகாப்பானதா என்று வந்து பார்க்கச் சொன்னால் என்ன? நான் எழுதித் தருகிறேன்" என்றேன்.

அவர் பதறிப்போய், "வேண்டாம் மாமா! எழுதிவிடாதீர்கள். மன்றத்துக்கு ஒரு வார்த்தை தெரிவித்தாலும் அப்புறம் எந்தக் கம்பெனியும் அந்தப் பத்திரத்தைக் கொடுக்காது" என்றார்.

வழக்கறிஞரின் கடிதத்திலும் அவ்வாறே கண்டிருந்தது. நேயர்களே, நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்து "தெரியாததைக் கேள்" என்று சொல்லிவந்தவன் நான். கேட்டால் காப்பு இல்லை, கேளாதிருந்தால் காப்பு உண்டு என்ற ஏற்பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

கம்பெனியின் நியாயம் அதற்கு உண்டு. அது காப்பது மன்றத்தின் நடவடிக்கையிலிருந்து. தூங்கும் புலியைத் தட்டி எழுப்பிவிட்டு வருபவனுக்கு அது ஏன் காப்பளிக்கும்? ஆனால் அந்தப் பத்திரம் எதைக் காக்கவில்லை என்பதைப் பாருங்கள். உத்திரம் வளைந்தால் காக்காது. வேலையின் குறையைத் திருத்தப் பணம் தராது. நள்ளிரவில் சமையலறையில் புகை கிளம்பினால் படிக்கட்டைக் காக்காது. அது பணத்தைப் பற்றிய ஒரு பத்திரம். அதுவும் ஒரேயொரு வகை இழப்பைப் பற்றியது.

"மாமா, வேலை நடந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மன்றம் இனி நோட்டீசு விட முடியாது" என்றார் மாப்பிள்ளை. அதுவும் உண்மையே. விதியை மீறிய வேலையை இடிக்கவோ திருத்தவோ ஆணையிட, முன்பு வேலை முடிந்து ஓராண்டு வரையே மன்றத்துக்கு நேரம் இருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கி இங்கிலாந்தில் அது பத்தாண்டாக நீட்டப்பட்டது. 1994ஆம் ஆண்டு வேலைக்கு இரண்டும் பொருந்தா. நீதிமன்றத்தை நாடும் வழி மட்டும் மன்றத்துக்கு உண்டு; அது அரிதாகவே கையாளப்படுவது. ஆகவே சட்டத்தின் பயம் பெரிதன்று. ஆனால் காலவரையறை மன்றத்தைத்தான் கட்டுப்படுத்தும். மரச்சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்றேன் நான்.

அன்றிரவு வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. மாப்பிள்ளையின் அச்சம் வீண் அச்சமன்று. அந்நாட்டில் இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் வரை எவரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. நாம் தாமதித்தால் விற்பவர் வேறொருவருக்கு விற்றுவிடலாம். வங்கி தருவதாகச் சொன்ன கடனுக்கும் கெடு உண்டு. இதுவரை வழக்கறிஞருக்கும் ஆய்வாளருக்கும் கொடுத்த பணம் திரும்பாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மகள் சொன்னாள்: "அப்பா, மேலே படுக்கப்போவது அவள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது."

பேச்சு அத்துடன் முடிந்தது. அந்த இன்ஷூரன்சை நம்புவதில்லை என்று முடிவு செய்தனர். மன்றத்துக்கு எழுதுவதற்கு முன், விற்பவரிடமே கேட்பது முறை என்று பட்டது. வீடு இன்னும் அவருடையதன்றோ? ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வருகிறோம், கம்பளத்தை விலக்கி இரண்டு பலகைகளை மட்டும் பெயர்க்க இசைவு தாருங்கள் என்று கேட்டனர். வாங்குபவரின் ஆய்வாளர் சாதாரணமாக இவ்வாறு பெயர்த்துப் பார்க்க உரிமை இல்லாதவர். வீட்டுக்காரர் இசைந்தால்தான் முடியும்.

விற்பவர் எண்பதை எட்டிய ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர். முதலில் முகம் சுளித்தார். இத்தெருவில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள் என்றார். பின்னர் இசைந்தார்.

குறித்த நாளில் நானும் உடன் சென்றேன். பலகை பெயர்ந்தது. பொறியாளர் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார், அளவுகோலை வைத்தார். தனி உத்திரம் என்று ஒன்றும் இல்லை. நான்கு அங்குல ஆழமுள்ள பழைய உட்கூரைச் சட்டங்களின்மேலேயே தரைப்பலகையை நேரே அறைந்திருந்தனர். நடுவில் இரண்டு சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருந்தன. படிக்கட்டை நோக்கித் திறந்த கதவுகளில் ஒன்றுகூடத் தீயைத் தடுக்கக் கூடியதன்று. பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் சென்று, "என் மகன் இங்கே பதினோரு வருடம் தூங்கினான்" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஏமாந்தவர். வேலைக்காரரை நம்பினார், பார்க்க வேண்டியவரை அழைக்கவில்லை.

இதற்கு ஒரு பரிகாரம் சட்டத்திலேயே உண்டு. 1985ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளோ அதன் பின்போ தொடங்கிய வேலையாக இருந்தால், வீட்டுக்குரியவர் உள்ளாட்சி மன்றத்தில் கட்டணம் செலுத்தி வரன்முறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை நடந்த காலத்தில் நடப்பில் இருந்த விதிகளே அளவுகோல். மன்றத்தின் ஆய்வாளர் வந்து, வேண்டிய இடங்களைத் திறந்து காட்டச் சொல்வார், குறைகளைக் குறிப்பார், அவற்றைத் திருத்திய பின்னர்ச் சான்றிதழ் வழங்குவார்.

பெரியவர் விண்ணப்பித்தார். செலவில் பாதியை வாங்குவோர் ஏற்பதென உடன்பாடாயிற்று. வழக்கறிஞர் வங்கிக்கும் நிலைமையைத் தெரிவித்தார். அவர் வங்கிக்கும் பொறுப்பானவராதலால் மறைக்க இயலாது. வங்கி கெடுவை ஒருமுறை நீட்டித்தது. கீழறைகளின் உட்கூரையை அறுத்துப் புதிய உத்திரங்கள் ஏற்றினர். கதவுகளை மாற்றினர்; எச்சரிக்கை மணிகளை இணைத்தனர். ஆய்வாளர் மூடுவதற்கு முன் ஒரு முறையும் மூடிய பின் ஒரு முறையும் வந்து பார்த்தார். நான்கு மாதங்கள் சென்றன. அந்நான்கு மாதமும் என் மகள் வீட்டில் வாடகை கொடுத்தபடி, வீடு கைநழுவுமோ என்ற கலக்கத்துடன் காத்திருந்தனர். இறுதியில் ஒரு தாள் வந்தது. சான்றிதழ் ஓர் ஆதாரமே, முடிந்த முடிபான ஆதாரமன்று என்று சட்டமே அடக்கமாகக் கூறுகிறது. எனினும் அந்தத் தாளின் பின்னே இப்போது ஒரு மனிதரின் கண் இருந்தது.

மாணவர்களே, உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். பெரும்பாலோர் ஒரு நாள் வீடு வாங்குவீர்கள். எந்த நாட்டில் வாங்கினும் வண்ணத்தையும் விளக்கையும் பார்த்து மயங்காமல், "இது மூடப்படுவதற்கு முன் யார் பார்த்தார்?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடை இல்லையாயின், திறந்து பார்க்க வழி தேடுங்கள். விலை பேசுங்கள், திருத்தச் சொல்லுங்கள், இயலாதெனில் விட்டு விலகுங்கள். பத்திரம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கேளாமல் இருந்துவிடுவது மட்டும் உங்கள் வழியாக வேண்டா.

நான் ஊர் திரும்புவதற்கு முன்வாரம் அவர்கள் அவ்வீட்டில் குடிபுகுந்தனர். முதல் நாள் இரவு பேத்தி என்னை மாடிக்கு அழைத்துச் சென்று, புதுத் தரையின் நடுவில் நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினாள். தரை அசையவில்லை. "போதும் அம்மா, தூங்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். அந்தக் கதவு சற்றுக் கனமாகத்தான் இருந்தது.